உங்கள் வெப்சைட்டில் முன்பின் தெரியாதவர் பணம் கட்ட வேண்டுமென்றால்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த பலர் இப்போது சொந்தமாக வெப்சைட் போடுகிறார்கள். மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, முறுக்கு, சுங்குடிச் சேலை என்று எல்லாம் வந்துவிட்டது. போட்ட கொஞ்ச நாளில் அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: ஆட்கள் வருகிறார்கள், பொருளைப் பார்க்கிறார்கள், கார்ட்டில்கூடப் போடுகிறார்கள், ஆனால் பணம் கட்டும் பக்கம் வந்ததும் அப்படியே போய்விடுகிறார்கள், ஏன்?

விலைதான் காரணம் என்று நினைத்து உடனே தள்ளுபடி போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாங்கியவர் உங்களைத் தெரிந்து வாங்கினார், அல்லது உங்களைத் தெரிந்த ஒருவர் சொல்லி வாங்கினார். வெப்சைட்டுக்கு வருகிறவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. பணம் போன பிறகு பொருள் வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்பதுதான் அவர் மனதில் ஓடும். விளம்பரத்தில் பார்த்த சேலைக்குப் பணம் கட்டி, வேறு ஏதோ துணி வந்து, போன் போட்டால் எடுக்காத கதையை அவர் யாரிடமாவது கேட்டிருப்பார், அல்லது அவருக்கே நடந்திருக்கும். இவ்வளவு பயத்தோடு வருகிறவருக்கு "100% நம்பகமானது" என்று பச்சை நிறத்தில் ஒரு முத்திரைப் படத்தைக் காட்டினால் எதுவும் மாறாது, அதே படத்தை ஏமாற்றுக்காரரும் ஒட்டலாமே. உங்கள் தளத்தை விட்டு வெளியே போய் அவரே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய தகவல்களைக் கொடுங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், வேறு பொருள் விற்பவர்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள்

"எங்களைத் தொடர்புகொள்ள" என்ற பக்கத்தில் வெறும் ஒரு ஃபார்ம் மட்டும் வைத்திருக்கும் தளங்களைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும், வாங்குகிறவருக்கும் அப்படித்தான். கடையின் பதிவுப் பெயர், கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை முழு முகவரி, போன் நம்பர், மெயில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை போன் எடுப்பீர்கள் என்பது, இவ்வளவும் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். நம்பரைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள், போனில் தொட்டால் அழைப்பு போக வேண்டும்.

இது மரியாதைக்காகச் செய்வது மட்டும் அல்ல, சட்டமே கேட்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களோடு, புகார்களைக் கவனிக்கும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். வந்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் நடத்தும் கடை என்றால் அந்த அலுவலர் உங்களில் ஒருவர்தான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சின்னக் கடையில் ஒரு மனிதரின் பெயர் வெளிப்படையாக இருப்பது பெரிய கம்பெனியின் இலவச அழைப்பு எண்ணைவிட நன்றாகவே வேலை செய்யும்.

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் வீட்டு முகவரியைப் போடத் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். ஆனால் முகவரியே இல்லாமல் விடுவது தீர்வு ஆகாது. செக்கு ஓடும் இடம், பேக்கிங் செய்யும் இடம், ஜிஎஸ்டியில் பதிவு செய்த தொழில் முகவரி, இவற்றில் எது உண்மையோ அதைப் போடுங்கள். நம்பருக்கு மட்டும் தொழிலுக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள்.

அடுத்து ஜிஎஸ்டி எண். எண்களும் எழுத்துகளும் கலந்த 15 இடங்கள் கொண்டது அது. தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் யார் வேண்டுமானாலும் பதிவுப் பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். தனிநபர் நடத்தும் கடை என்றால் பதிவுப் பெயர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயர் வரும், வெப்சைட்டின் மேலே கடைப் பெயர் இருக்கும். இரண்டும் ஒட்டவில்லை என்றால் சரிபார்க்க வந்தவர் இன்னும் பயந்துவிடுவார். அதனால் "எங்களைப் பற்றி" பக்கத்தில் இந்தக் கடையை நடத்துவது இன்னார் என்று ஒரு வரி நேராக எழுதிவிடுங்கள்.

உணவுப் பொருள் என்றால் மத்திய உணவுப் பாதுகாப்புத் துறையான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் கட்டாயம். 14 இலக்கம் கொண்ட அந்த எண்ணையும் அந்தத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் தேடிப் பார்க்க முடியும். வெறும் சின்னத்தை மட்டும் போடாமல் எண்ணைத் தெளிவாகப் போடுங்கள். பட்டு விற்பவர்களுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காகக் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்கிற எல்லோரும் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் அந்த உரிமை. உரிமை இல்லாத சின்னம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் நீங்கள் உண்மையாகச் சொன்ன மற்ற பத்து விஷயங்களும் அதோடு போய்விடும்.

கூகுள் மேப்பிலும் கடையைப் பதிவு செய்துவிடுங்கள். பெயர், முகவரி, நம்பர் மூன்றும் வெப்சைட்டில் எழுதியபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

டொமைன், மெயில், பூட்டு

டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரிப் பெயர், அதைச் சொந்தமாக வாங்குங்கள். வெப்சைட் செய்துதரும் இலவச பில்டர் சேவைகள் தரும் நீண்ட முகவரியில் கடை நடத்தாதீர்கள். டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் போதும், இந்தியக் கடைக்கு அது பொருத்தமாகவே இருக்கும். போனில் ஒருவருக்குச் சொன்னால் ஒரே தடவையில் டைப் செய்ய வருகிற பெயராக வையுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாகியிருக்க வேண்டும், வெப்சைட் செய்துகொடுத்தவரின் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அந்த டொமைனிலேயே ஒரு மெயில் ஐடி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் மெயில்கள் ஸ்பாமுக்குப் போகாமல் இருக்க எஸ்பிஎஃப், டிகிம் என்று இரண்டு அமைப்புகள் உண்டு, உங்கள் டெவலப்பரிடம் அவை போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டு ஐந்து நிமிடத்தில் மெயில் வரவில்லை என்றால் வாங்கியவருக்கு அடிவயிறு கலங்கும்.

எச்டிடிபிஎஸ், அதாவது தளத்துக்கும் வருகிறவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை, அது இல்லாமல் தளத்தைத் திறந்து வைக்கவே கூடாது. 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர் அப்படிப்பட்ட தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும்போது இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் பூட்டுச் சின்னம் இருப்பதை வைத்து "எங்கள் தளம் பாதுகாப்பானது" என்று விளம்பரம் செய்ய வேண்டாம். அனுப்பும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது, கடைக்காரர் நேர்மையானவரா என்பதை அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் பூட்டு இருந்ததால் மக்கள் ஏமாந்தார்கள், அதனால்தான் குரோமே 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

பொருளைப் பற்றி உள்ளதை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

படங்களை நீங்களே எடுங்கள். பகல் வெளிச்சத்தில் சாதாரண போனில் எடுத்தால் போதும். இணையத்திலிருந்து எடுத்த எண்ணெய்ப் பாட்டில் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்க வாங்குகிறவருக்கு ஐந்து வினாடி ஆகாது. அதே படம் வேறு பத்துக் கடையில் வந்தால் கதை அங்கேயே முடிந்தது. பாட்டிலின் முன்பக்கம், லேபிள் படிக்கிற அளவுக்குப் பின்பக்கம், கையில் பிடித்தபடி ஒன்று, அப்புறம் செக்கு ஓடும்போது எடுத்த அரை நிமிட வீடியோ. அந்த வீடியோவில் பாட்டு போட வேண்டாம், செக்கின் சத்தமே கேட்கட்டும்.

அளவு, எல்லா வரிகளும் சேர்ந்த விலை, தயாரித்தவர் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், புகார் எண் ஆகியவை பொட்டலத்தில் மட்டுமல்லாமல் தளத்திலும் இருக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அதோடு சேர்த்து, எண்ணெய்க்காரர்கள் தினமும் போனில் பதில் சொல்லிச் சலித்துப்போகிற விஷயங்களை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் தராசில் ஒரு கிலோ வராது, சுமார் 910 கிராம்தான் வரும், எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. இதை எழுதாவிட்டால் வீட்டில் எடை போட்டுப் பார்த்துவிட்டு 90 கிராம் திருடிவிட்டீர்கள் என்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், டிசம்பரில் ஊட்டிக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் வெள்ளையாகக் கட்டியாகிப் போய்ச் சேரும், அதைக் கலப்படம் என்று நினைப்பவர்கள் நிறைய. செக்கு எண்ணெயின் அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும் என்பதையும், எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ரீஃபைண்ட் எண்ணெயைவிட உங்கள் விலை ஏன் அதிகம் என்பதற்கு "தரம்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதாமல், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு பிடிக்கிறது, பருப்பு இன்ன ஊர்ச் சந்தையில் வாங்குகிறோம் என்று கணக்கைக் காட்டுங்கள். படிக்கிறவர் தானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்வார்.

பொருளின் குறையைச் சொல்லும் ஒரு வரி, நிறையைச் சொல்லும் மற்ற வரிகளையும் நம்ப வைக்கும். கைத்தறிச் சேலையில் அங்கங்கே நூல் முடிச்சு இருக்கும், சுங்குடியை முதல் தடவை தனியாக அலசுங்கள், படத்தில் தெரியும் நிறம் போன் திரைக்கு ஏற்பக் கொஞ்சம் மாறலாம், இப்படி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக எழுதாதீர்கள்: இந்த எண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும், மாரடைப்பைத் தடுக்கும் என்பவை. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் எஃப்எஸ்எஸ்ஏஐ விளம்பர விதிகள் தடுக்கின்றன. அதைவிட முக்கியமாக, அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒருவர் உங்கள் வாடிக்கையாளர்களில் இருக்கலாம்.

விலையும் டெலிவரி சார்ஜும்

எண்ணெய் கனமான பொருள், கூரியர் செலவு கூடத்தான் வரும். அதைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்து 340 ரூபாயை 430 ஆக்கிக் காட்டினால் அவர் போய்விடுவார், திரும்பவும் வரமாட்டார். பொருள் பக்கத்திலேயே பின்கோடு போட்டால் மொத்தம் எவ்வளவு என்று காட்டுங்கள், அது முடியாவிட்டால் தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போதும்.

"இன்னும் 2 மட்டுமே", "09:59 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் புதிதாக ஓடும் கடிகாரம், கேட்காமல் கார்ட்டில் சேரும் பொருள், இவற்றையெல்லாம் தீம் (வெப்சைட்டுக்கான ஆயத்த வடிவமைப்பு) விற்பவர்கள் ஒரு வசதியாகத் தருவார்கள். எடுத்துவிடுங்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது, பொய்யான அவசரமும் கடைசியில் ஏற்றும் விலையும் அதில் உண்டு.

பணம் வாங்கும் இடம்

ஒரு க்யூஆர் படத்தைப் போட்டு, பணம் அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்பது தெரிந்தவர்களுக்குச் சரி. தெரியாதவர் அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்ற, தளத்திலேயே பணம் வாங்கித்தரும் ஒரு பேமென்ட் கேட்வேயை இணைத்துவிடுங்கள். கணக்கைத் திறக்கும்போது அவர்களே பான், வங்கி விவரம் எல்லாம் சரிபார்ப்பார்கள். கார்டு எண் உங்கள் தளத்தில் சேமிக்கப்படாது என்பதையும் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு விவரத்தை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

நம் ஊரில் பெரும்பாலோர் யூபிஐயில்தான் கட்டுவார்கள், கட்டுவதற்கு முன் ஜிபேயிலோ போன்பேயிலோ யார் பெயருக்குப் பணம் போகிறது என்று பார்ப்பார்கள். கடைப் பெயர் ஒன்று, திரையில் வருவது வேறு யாரோ ஒருவரின் பெயர் என்றால் விரல் அங்கேயே நின்றுவிடும். கடைப் பெயரிலேயே கரண்ட் அக்கவுண்ட் திறப்பது நல்லது. அதுவரை, "பணம் கட்டும்போது இந்தப் பெயர் வரும், அது எங்கள் உரிமையாளர் பெயர்" என்று பட்டனுக்கு மேலேயே சொல்லிவிடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா? முதல் ஆர்டருக்கு, ஒரு சிறு தொகை வரை கொடுங்கள் என்பேன். வாங்காமல் திருப்பி அனுப்பினால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் உங்கள் தலையில்தான், அதனால் எல்லா ஆர்டருக்கும் திறந்து விடாதீர்கள். 250 மில்லி பாட்டில் ஒன்றைக் கையில் வாங்கிவிட்டுக் காசு கொடுத்தவர் அடுத்த தடவை ஐந்து லிட்டருக்கு முன்பணம் கட்டத் தயங்கமாட்டார்.

ரிட்டர்ன் பாலிசியை நீங்களே எழுதுங்கள்

எங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டிய பாலிசியைப் படித்ததும் தெரியும். நடுவில் வேறு கம்பெனியின் பெயர் இருக்கும், வழக்கு ஏதோ ஓர் அமெரிக்க மாநிலத்துச் சட்டப்படி நடக்கும் என்று இருக்கும். பயந்துபோய் இருப்பவர்தான் இந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறார் என்பதை மனதில் வைத்து, உங்கள் பொருளுக்கு உண்மையில் என்னென்ன நேரும் என்று யோசித்து எழுதுங்கள். பாட்டில் கசிந்து வந்தால்? மூடி உடைந்திருந்தால்? கடலை எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் வந்தால்? உதாரணமாக இப்படி:

"பாட்டில் கசிந்தோ உடைந்தோ வந்தால், வந்த 2 நாளுக்குள் பெட்டியோடு ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். புதுப் பாட்டில் அனுப்புகிறோம், அல்லது 5 வேலை நாளில் பணத்தைத் திருப்பிவிடுகிறோம், எது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். திறந்து பயன்படுத்திய எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது."

இதில் உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு எதையும் சேர்க்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வெட்டாமல் எடுத்த வீடியோ இருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று நிறையக் கடைகள் எழுதுகின்றன. சேலைக்கு அது ஓரளவு புரிகிறது, எண்ணெய்க் கடைக்கு அது வாடிக்கையாளரைத் திருடராகப் பார்ப்பது போல இருக்கும். டெலிவரி பக்கத்தில் எந்தக் கூரியர், எத்தனை நாள், ட்ராக்கிங் எண் எப்போது வரும் என்பது இருக்கட்டும். பிரைவசி பக்கத்தில் நம்பரையும் முகவரியையும் எதற்கு வாங்குகிறீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று நாலு வரி. இந்தப் பக்கங்கள் இல்லாமல் பேமென்ட் கேட்வேயே அனுமதி தராது, எப்படியும் எழுதத்தான் வேண்டும்.

ரிவ்யூ

சொந்தமாக எழுதிக்கொண்ட ஐந்து நட்சத்திரங்கள் வேண்டாம். எல்லாம் ஒரே நடையில், ஒரே வாரத்தில், "அருமையான தரம், விரைவான டெலிவரி" என்று இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இணைய ரிவ்யூக்களை எப்படிச் சேர்ப்பது, எப்படி வெளியிடுவது என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையே வெளியிட்டிருக்கிறது. புதுக் கடைக்கு எளிய வழி கூகுள் மேப் ரிவ்யூதான். அதை நீங்கள் அழிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அதற்கு மதிப்பு. பொருள் போய்ச் சேர்ந்த நாலைந்து நாள் கழித்து லிங்க் அனுப்பி, பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள்.

மோசமான ரிவ்யூ வரும். பொதுவெளியில் சண்டை போடாமல், என்ன நடந்தது, என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். "பாட்டில் உடைந்து வந்ததற்கு வருந்துகிறோம் அக்கா, இன்று வேறு பாட்டில் அனுப்பிவிட்டோம், ட்ராக்கிங் எண்ணை உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலைத்தான் அடுத்து வருகிறவர் தேடுகிறார், ஏனென்றால் அவர் கேள்விக்கு நேரடி விடை அதுதான். வாட்ஸ்அப் பாராட்டுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதென்றால் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் நம்பரையும் முகத்தையும் மறைத்துப் போடுங்கள்.

தோற்றம்

இதைக் கடைசியில் சொன்னாலும் வருகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான். 2002-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் குழு 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் வெப்சைட்டுகளைக் காட்டி எது நம்பும்படி இருக்கிறது, ஏன் என்று கேட்டது. அவர்கள் சொன்ன கருத்துகளில் ஏறக்குறைய பாதி தளத்தின் தோற்றத்தைப் பற்றியே இருந்தன. அதற்காக டிசைனருக்கு லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். வெள்ளைப் பின்னணி, இரண்டு நிறம், ஒரே எழுத்துரு போதும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் போனில் புரியாத குறியீடாக வரும். எழுத்துப்பிழையை இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். தீமோடு வந்த லோரெம் இப்சம் என்ற அர்த்தமில்லாத மாதிரி வரிகள், எங்கும் போகாத ஃபேஸ்புக் ஐகான், ஆடி மாதத்திலும் தொங்கும் பொங்கல் சலுகை பேனர், இந்த மூன்றையும் தேடிப்பிடித்து எடுங்கள். படங்களை வெப்பி (WebP) என்ற குறைந்த அளவுள்ள வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கினால் பக்கம் சீக்கிரம் திறக்கும். முக்கியமான படமோ எழுத்தோ இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு, பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் சோதித்துக்கொள்ளலாம்.

திறப்பதற்கு முன் ஆள் வைத்துப் பாருங்கள்

உங்கள் தொழிலைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவரிடம், சித்தியோ பக்கத்து வீட்டு அண்ணனோ, அவருடைய போனில் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இந்தக் கடை எந்த ஊரில் இருக்கிறது, ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சேலத்துக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு, பாட்டில் உடைந்தால் என்ன செய்வார்கள், இந்த மூன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தேடுகிறார், எங்கே நிற்கிறார், எங்கே முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் வேறு நம்பரிலிருந்து நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, உண்மையான பணம் கட்டி, கேன்சல் செய்து, பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்று பாருங்கள். பாலிசியில் 5 நாள் என்று எழுதிவிட்டு 9 நாள் ஆனால் பாலிசியை மாற்றுங்கள். தளத்தில் போட்ட நம்பருக்கு, போட்ட நேரத்துக்குள் ஒரு அழைப்பு கொடுங்கள், யார் எடுக்கிறார்கள், எடுத்ததும் கடைப் பெயரைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். டொமைன் புதுப்பிப்பைத் தானாக நடக்கும்படி வைத்து, அதில் இணைத்த கார்டு காலாவதியாகும் மாதத்தைக் காலண்டரில் எழுதிவையுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கூரியர் தாமதமாகும் என்றால், எந்தத் தேதிக்குள் ஆர்டர் போட்டால் பண்டிகைக்கு முன் வந்து சேரும் என்பதை முதல் பக்கத்தின் மேலேயே போட்டுவிட்டு, பண்டிகை முடிந்த மறுநாள் எடுத்துவிடுங்கள்.